வாடாமல்லியின் நிறத்தைப் பிடிப்பது எப்படி?

ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்கள், அத்தம் தொடங்கித் திருவோணம் வரை, திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பூவுக்குத்தான் முதல் மரியாதை. நாகர்கோவிலை அடுத்த தோவாளையிலிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும் செண்டுமல்லி, வாடாமல்லி, அரளி, கோழிக்கொண்டை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பூக்களம் போட வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், கேமராவோடு வருகிறவர்கள் ஒரு பக்கம். பத்திரிகைக்காரர்கள், கல்யாணப் படம் எடுப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் அந்தக் குவியல்களைப் படமெடுக்கிறார்கள். செண்டுமல்லி ஏறக்குறைய எல்லாருடைய படத்திலும் செண்டுமல்லியாகவே இருக்கும். வாடாமல்லி மட்டும் ஆளுக்கொரு நிறம் காட்டும். ஒருவருக்கு ரோஜா நிறம், இன்னொருவருக்குக் கத்தரிப்பூ நிறம், மூன்றாமவருக்கு ஏறக்குறைய நீலம்.

எடுத்தவர்களின் கைத்திறனில் கோளாறு இல்லை. கேமரா பதிவு செய்த எண்களை நிறமாக மாற்றும் கணக்கு ஒவ்வொருவரிடமும் வேறாக இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பெயர் கலர் புரொஃபைல். கேமராவின் எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் படமெடுப்பவர்கள் தினமும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலானோர் அது இருப்பதையே கவனிப்பதில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசச் சாலையைவிடப் பொருத்தமான தெரு கிடைப்பது அரிது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது. மளிகை, ஜவுளி, நகை, பாத்திரம், பூ, பழம் எல்லாம் ஒரே தெருவிலும் அதன் சந்துகளிலும் கிடைக்கும். தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தெரு ஆ. மாதவன் வழியாகவே அறிமுகம். சாலையில் கடை நடத்திக்கொண்டே எழுதிய அவருடைய ஒரு தொகுப்பின் பெயரே ‘கடைத்தெருக் கதைகள்’. 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மாதவன் 2021 ஜனவரியில் காலமானார்.

இந்தத் தெருவில் நிறம் என்பது பணம். ஜவுளிக்கடைக்காரர் புதுச் சேலையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வாடிக்கையாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, “போட்டோல பாத்த கலர் இது இல்லியே” என்கிறார். நகைக்கடையில் தங்கம் செம்பாகத் தெரிகிறது. மளிகைக்கடைப் படத்தில் மஞ்சள்தூள் எலுமிச்சையாக வெளிறிக் கிடக்கிறது. இவற்றில் பெரும்பகுதியைத் திருத்த முடியும்.

கேமராவின் சென்சார் நிறத்தைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயருக்கு 1976இல் கிடைத்த காப்புரிமைதான் இன்றைய பெரும்பாலான கேமராக்களின் அடிப்படை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு வண்ணத்தில் நுண்ணிய வடிகட்டி இருக்கும். பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். ஒரு புள்ளிக்கு ஓர் எண்தான் கிடைக்கும். மற்ற இரண்டு நிறங்களுக்கான எண்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்துக்கொள்ள வேண்டும்.

ரா கோப்பில் இருப்பவை அந்த எண்களே. 14 பிட் கோப்பானால் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 நிலைகள் வரை உண்டு. ஜேபெக் கோப்பில் ஒரு வண்ணத்துக்கு 256 நிலைகள்தான். இவ்வளவு தகவல் இருந்தும், ரா கோப்பின் எண்களை அப்படியே திரையில் காட்டினால் படம் இருண்டு, பச்சை பூசிக் கிடக்கும். முதலில், வெளிச்சத்தின் நிறச் சாய்வை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்ய வேண்டும். பிறகு, ‘இந்தக் கேமராவின் சிவப்பு, பச்சை, நீலத்தில் இத்தனை இத்தனை வந்தால், மனிதக் கண்ணுக்கு அது இன்ன நிறம்’ என்று சொல்லும் அட்டவணை வேண்டும். கலர் புரொஃபைல் என்பது இதுதான்.

கேமராவின் வடிகட்டிகளும் மனிதக் கண்ணின் கூம்பு செல்களும் ஒரே மாதிரி வேலை செய்தால் எளிய கணக்கு ஒன்றே போதும். அதற்கான நிபந்தனையை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் லூதர் 1927லேயே வகுத்துவிட்டார். கடைகளில் விற்கும் கேமராக்கள் அதைக் கிட்டத்தட்ட நிறைவேற்றுகின்றனவே தவிர, முழுவதுமாக இல்லை. அதனால் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியும் இரண்டு நிறங்கள் கேமராவுக்கு ஒன்றாகத் தெரியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை கேமராவுக்கு வேறாகலாம்.

வாடாமல்லி மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். அந்தப் பூ நீலத்தையும் சிவப்பையும் திருப்பி அனுப்பி, நடுவிலுள்ள பச்சையை விழுங்கிவிடும். அதன் சிவப்பு, கண் பார்க்கக்கூடிய எல்லையின் ஓரம் வரை நீள்கிறது. கேமராவில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அது சிவப்பின் ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடும். எவ்வளவு வெட்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதிகம் வெட்டினால் பூ நீலத்தின் பக்கம் சாய்கிறது. பிலிம் காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை இருந்தது. கண் சரியாகக் காணாத அந்த ஓரச் சிவப்பைப் பிலிம் பதிவு செய்துவிட்டதால், சில நீலப் பூக்கள் படத்தில் இளஞ்சிவப்பாக வந்தன.

ரா கோப்பைப் புதிதாகத் தொட்டவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள். கேமராவின் பின்திரையில் அருமையாகத் தெரிந்த படம் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மென்பொருளில் திறந்த மறுகணம் சப்பென்று ஆகிவிடும். பின்திரையில் தெரிவது ரா அன்று. கேமரா நிறுவனம் தன் ரசனைப்படி சமைத்து ரா கோப்புக்குள் ஒட்டிவைத்த சிறிய ஜேபெக். கேனன் அந்த ரசனைக்குப் பிக்சர் ஸ்டைல் என்று பெயர் வைத்தது. நிக்கான், பிக்சர் கண்ட்ரோல். பியூஜிபிலிம் தன் பழைய பிலிம்களின் பெயரிலேயே வெல்வியா, புரோவியா, ஆஸ்டியா என்று தந்தது. லைட்ரூம் திறந்ததும் அவற்றை ஒதுக்கிவிட்டு அடோபியின் புரொஃபைலைப் போட்டுக் காட்டுகிறது. 2018 ஏப்ரல் முதல் அந்த இடத்தில் இருப்பது ‘அடோபி கலர்’. அதற்கு முன்பு ‘அடோபி ஸ்டாண்டர்ட்’.

ஆக, ரா கோப்பைத் திறக்கும்போதே யாரோ ஒருவர் எடுத்த முடிவு படத்தின் மேல் விழுந்துவிடுகிறது. கேமரா நிறுவனத்தின் முடிவாக இருந்தாலும் மென்பொருள் நிறுவனத்தின் முடிவாக இருந்தாலும், சாலையின் வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தது அது இல்லை.

புரொஃபைல் தயாரிக்கும்போது நிறுவனங்கள் பொதுவாக இரண்டு வெளிச்சங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒன்று பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், சுமார் 2,850 கெல்வின். மற்றொன்று பகல் வெளிச்சம், சுமார் 6,500 கெல்வின். படம் எடுத்த வெளிச்சம் இரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்று பார்த்து மென்பொருள் இரண்டையும் கலந்துகொள்ளும். குண்டு பல்பும் சூரியனும் எல்லா அலைநீளங்களிலும் இடைவெளி இல்லாமல் ஒளி தருபவை. சாலையின் கடைகளில் இன்று எரிபவை எல்இடி விளக்குகள். எல்இடியின் ஒளியில் நீலம் ஓரிடத்தில் கூராக எழும்; அடுத்து ஒரு பள்ளம்; பிறகு மஞ்சள் ஒரு மேடு. விலை குறைந்த விளக்குகளில் அடர்சிவப்பு மிகவும் குறைவு. ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருத்தினாலும், இல்லாத அலைநீளத்தை வரவழைக்க முடியாது. போதாக்குறைக்குச் சந்துகளில் வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய் வழியாக வடிந்து வரும் வெளிச்சம் வேறு.

பலராமபுரம் கைத்தறிக்குப் புரொஃபைல் ஏன் முக்கியம் என்று பார்க்கலாம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நாகர்கோவில் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு, பலராம வர்மா மகாராஜா காலத்தில், தமிழ் பேசும் தென்பகுதிகளிலிருந்து சாலியர் குலத்து நெசவாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் நெய்யும் கசவு முண்டும் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. வெளுக்காத பருத்தியின் சந்தன வெள்ளையும் ஓரத்து ஜரிகையின் பொன்னும்தான் அந்தத் துணியின் அழகு.

கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இந்தத் துணியைக் கண்டதும் தடுமாறும். படம் முழுக்க இளமஞ்சள் இருப்பதைப் பார்த்து, விளக்கின் மஞ்சள் என்று எண்ணி, அதைக் கழித்துவிடும். சந்தன வெள்ளை போய்ப் பால் வெள்ளை வந்துவிடும். பொன் ஜரிகை வெள்ளி ஜரிகையாக வெளிறும். சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை முறையாக எடுத்தால் முதல் பிழை போகும். ஜரிகையின் பொன் நிறத்தையும் அதை உடுத்தியிருக்கும் பெண்ணின் மேனி நிறத்தையும் ஒருசேரக் காப்பாற்றப் புரொஃபைல் சரியாக இருக்க வேண்டும். இரண்டும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையிலான குறுகிய பகுதிக்குள் நெருங்கி நிற்கும் நிறங்கள். அந்தப் பகுதியைச் சற்று முறுக்கினாலும் ஒன்று திருந்த மற்றொன்று கெடும்.

மேனி நிறம் என்றதும் கோடாக்கின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1950கள் முதல் அந்த நிறுவனம் கலர் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அந்தப் படங்களுக்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். லேப்காரர் இயந்திரத்தைச் சரிசெய்யும்போது அந்தப் பெண்ணின் மேனி சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ள வேண்டும். கருத்த மேனி கொண்டவர்களின் முகங்கள் அந்தப் பிலிம்களில் விவரம் இழந்து மங்கின. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தேடி எழுதினார். கோடாக் பிலிமின் பழுப்பு நிறங்களைத் திருத்த முனைந்ததற்கு ஒரு காரணம், தங்கள் பொருட்களின் நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் புகார் செய்ததுதான் என்பது அவருடைய ஆய்வில் வெளிவந்தது. கருப்பின மக்களின் முகத்துக்குக் கிடைக்காத கவனம் சாக்லேட்டுக்குக் கிடைத்தது. 1970களின் இறுதியில் மொசாம்பிக் அரசு அழைத்துச் சென்ற பிரெஞ்சு இயக்குநர் ழான்-லுக் கொதார், அங்கே கோடாக் பிலிமைப் பயன்படுத்த மறுத்தார்.

டிஜிட்டல் காலத்தில் அந்தத் தடை பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் தென்னிந்திய மேனி நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற முடிவு இன்னமும் புரொஃபைலுக்குள்தான் இருக்கிறது. ‘விவிட்’ போன்ற புரொஃபைல்கள் சிவப்பையும் ஆரஞ்சையும் தூக்கிக் கொடுப்பதால் மாநிற முகங்கள் செங்கல் நிறமாகின்றன. பிறகு அதை மறைக்க முகத்தை வெளுப்பாக்குகிறார்கள். கல்யாண ஆல்பங்களில் மணமகளுக்கு அவளுடைய நிறமே இல்லாமல் போவது இப்படித்தான். இது ரசனை சார்ந்த சிறிய விஷயமில்லை. ஒருவருடைய முகத்தை அவருடைய முகமாகக் காட்டும் கடமை படமெடுப்பவருக்கு உண்டு.

சொந்தமாகப் புரொஃபைல் செய்துகொள்வது கடினமான வேலை இல்லை. அதற்கு வேண்டியது கலர்செக்கர் என்னும் அட்டை. 1976இல் கால்வின் மக்காமியும் அவருடைய சகாக்களும் மேக்பெத் நிறுவனத்துக்காக வடிவமைத்தார்கள். ஆறு பத்திகள், நான்கு வரிசைகள், 24 கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்கள் கருத்த மேனி, வெளுத்த மேனி; அடுத்து நீல வானம், இலைப் பச்சை, நீலப் பூ. கடைசி வரிசை வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் ஆறு சாம்பல்கள். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முன்பே அளந்து குறித்தது. இன்று இதைக் கேலிபிரைட் நிறுவனம் விற்கிறது. சட்டைப் பையில் அடங்கும் அளவிலும் கிடைக்கிறது.

படமெடுக்கப்போகும் பொருள் இருக்கும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் அட்டையைப் பிடிக்க வேண்டும். அட்டையில் பளபளப்பு விழக்கூடாது. பக்கத்திலுள்ள சிவப்புச் சுவரோ படமெடுப்பவரின் சட்டையோ அதில் நிறம் பூசக்கூடாது. அட்டை சட்டகத்தின் நடுவில் இருக்கட்டும். வெள்ளைக் கட்டம் வெளுத்து எரிந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து ராவில் ஒரு படம் எடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோப்பை டிஎன்ஜியாக மாற்றி, புரொஃபைல் செய்யும் மென்பொருளில் திறக்க வேண்டும். டிஎன்ஜி என்பது அடோபி 2004இல் வெளியிட்ட திறந்த ரா வடிவம். மென்பொருள் 24 கட்டங்களையும் தானே கண்டுபிடித்து, கேமரா தந்த எண்களையும் அட்டையின் உண்மையான நிறங்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடும். கிடைக்கும் டிசிபி வகைப் புரொஃபைல் கோப்பு லைட்ரூமின் புரொஃபைல் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேப்சர் ஒன் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஐசிசி வகைக் கோப்பு வேண்டும். 1993இல் நிறுவிய சர்வதேச வண்ணக் கூட்டமைப்பு வகுத்த வடிவம் அது. இனி அந்த வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் அந்தப் புரொஃபைலைப் போட்டு, இளஞ்சாம்பல் கட்டத்தில் ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் தொடக்கப்புள்ளி தயார்.

பகல் வெளிச்சத்துக்கு ஒன்று செய்தால் ஆண்டுக்கணக்கில் உதவும். எல்இடி எரியும் ஒரு கடையில் அடிக்கடி படமெடுப்பவர் அந்தக் கடைக்கென்று தனியாக ஒன்று செய்துகொள்வது நல்லது.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாதவர்களுக்கும் கட்டற்ற மென்பொருள் என்ற வழி இருக்கிறது. அதில் இந்த நகரத்துக்கு உறவும் உண்டு. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. ரா கோப்புகளுக்கு அப்படிப்பட்ட மென்பொருள்கள் ராதெரபியும் டார்க்டேபிளும். ராதெரபி டிசிபி கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். டார்க்டேபிளுக்குள்ளேயே வண்ண அட்டையைப் படித்து நிறத்தைத் திருத்தும் வசதி இருக்கிறது. சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் டோர்ஜர் எழுதிய டிகேம்ப்ராஃப், புரொஃபைல் செய்வதற்கென்றே உருவான கட்டற்ற மென்பொருள்; விரும்பும் அளவுக்கு நுணுக்கமாகச் செய்ய இடம் தருவது. சாலைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் மாணவரும் ஒரு ரூபாய் செலவில்லாமல் இவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

புரொஃபைலால் முடியாதவையும் உண்டு. பாதி முகத்தில் வெயிலும் பாதி முகத்தில் எல்இடியும் விழுந்தால் ஒரே புரொஃபைல் இரண்டையும் திருத்தாது. எரிந்து வெளுத்துப்போன செண்டுமல்லியின் இதழை மீட்க முடியாது. 24 கட்டங்களில் வாடாமல்லி அளவுக்கு அடர்த்தியான ஊதா இல்லை. ஆகவே அந்தப் பூவின் நிறம் நெருங்கி வருமே தவிர, அச்சு அசலாக வரும் என்று உறுதி கூற முடியாது. 140 கட்டங்கள் கொண்ட பெரிய அட்டை அங்கே கொஞ்சம் கூடுதலாக உதவும். அதற்கு மேல் திரையின் எல்லை இருக்கிறது. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி என்ற 1996ஆம் ஆண்டு வரையறைக்குள் அடங்கியவை; அடர்த்தியான பூக்களில் பல அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. திரையையே அளந்து சரிசெய்யாத ஒருவர் புரொஃபைல் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

நிறத்தை அளந்து எடுக்கும் பழக்கம் மிகக் கறாராக இருப்பது அருங்காட்சியகங்களில்தான். ஓவியத்தைப் படமெடுக்கும்போது ரசனைக்கு அங்கே இடமில்லை. அட்டையின் நிறத்துக்கும் படத்தின் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணால் அளந்து, வரம்பைத் தாண்டினால் படத்தைத் தள்ளிவிடும் வழிகாட்டு நெறிகள் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இருக்கின்றன. சாலையிலிருந்து சற்றுத் தொலைவில், நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் 1935 முதல் இயங்கும் ஸ்ரீசித்ரா கலைக்கூடம் ராஜா ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்களால் பெயர் பெற்றது. பட்டின் மினுமினுப்பையும் மேனியின் நிற வேறுபாடுகளையும் வண்ணத்தில் கொண்டுவந்த அந்தக் கலைஞரின் ஓவியங்கள் இணையத்தில் மஞ்சள் பூசியும் செம்மை ஏறியும் உலவுகின்றன. ஒரே ஓவியத்துக்கு ஐந்தாறு நிறங்கள். எது மூலத்துக்கு நெருங்கியது என்று வாசகரால் சொல்ல முடிவதில்லை.

கடைசியாக, கல்யாண ஸ்டுடியோக்களுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் திருவிழாக்களைப் பதிவு செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வேலையாக இருந்தாலும், வெளிச்சம் மாறும்போதெல்லாம் வண்ண அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, மற்ற ரா கோப்புகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். புரொஃபைலை அன்றைக்கே செய்ய வேண்டும் என்றில்லை. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ரா கோப்பையும் இன்றைய மென்பொருளில் திறக்க முடிகிறது; இன்றைய புரொஃபைலும் அதற்குப் பொருந்துகிறது. அட்டைப் படம் கூடவே இருந்தால், நாளை வரும் நல்ல கணக்கை வைத்து இன்றைய சேலையின் நிறத்தையும் முகத்தின் நிறத்தையும் மறுபடி சரியாக எடுக்கலாம். அட்டை இல்லாவிட்டால் எடுத்தவரின் நினைவைத்தான் நம்ப வேண்டும்.